கட்டடம் இடிந்த பிறகு சபை எங்கே கூடுகிறது? மட்டக்களப்புக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு விளக்கம்

2025 ஏப்ரல் 21 அன்று கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஓர் அறிவிப்பு விடுத்தார். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் இறந்த 167 கத்தோலிக்கர்களின் பெயர்களை, விசுவாசத்துக்குச் சாட்சியாக உயிர்நீத்தவர்களின் ஏட்டில் வத்திக்கான் சேர்த்திருக்கிறது என்பதே செய்தி. மட்டக்களப்புக்காரர் ஒருவர் அதைப் படித்தால் அடுத்து என்ன கேட்பார் என்று ஊகிக்கலாம். எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகளின் பெயர் அதில் இருக்கிறதா?

இல்லை. புறக்கணித்துவிட்டார்கள் என்று பொருள் கொள்ளவும் வேண்டாம். சீயோன் கத்தோலிக்க ஆலயம் அல்ல, அவ்வளவுதான். அன்று தாக்கப்பட்ட மூன்று தேவாலயங்களில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயமும் கத்தோலிக்கர்களுடையவை. மட்டக்களப்புச் சீயோன் ஒரு சுயாதீன நற்செய்திச் சபை. அதற்கு ஆயரும் கிடையாது, வத்திக்கானும் கிடையாது.

அப்படியென்றால் அந்தச் சபைக்கு யார் பொறுப்பு? கட்டடம் சிதைந்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள், யார் தாங்கினார்கள்? கொழும்பிலிருந்து எழுதப்படும் செய்திகளில் இவற்றுக்குப் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. கொஞ்சம் அடியிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

முதலில் சொற்கள்

மட்டக்களப்பில் ஒருவர் பேசும்போது எந்தச் சொல்லைப் பாவிக்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பிரிவு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

1. கத்தோலிக்கர் 'கோயிலுக்கு'ப் போவார்கள், 'பூசை' காண்பார்கள். குருவானவரை 'ஃபாதர்' என்றோ 'சுவாமி' என்றோ அழைப்பார்கள். ஓர் ஆலயத்தைச் சுற்றியுள்ள பகுதி 'பங்கு'. பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். மட்டக்களப்பும் அம்பாறையும் சேர்ந்த மட்டக்களப்பு மறைமாவட்டம் 2012இல்தான் திருகோணமலையிலிருந்து பிரிந்து தனியானது.

2. மெதடிஸ்தர் 'திருச்சபை' என்பார்கள். போதகரை வயதானவர்கள் 'ஐயர்' என்பதும் உண்டு. பல ஆலயங்கள் சேர்ந்தது 'சேகரம்'. போதகரைத் திருச்சபையின் மாநாடு நியமிக்கும், சில ஆண்டுகளில் இடம் மாற்றும்.

3. பெந்தெகொஸ்தே, நற்செய்திப் பிரிவினருக்கு அது வெறும் 'சபை'. 'பாஸ்டர்', 'ஆராதனை', 'சாட்சி', 'ஜெபக்கூட்டம்', 'ஐக்கியம்' என்ற சொற்கள் ஓயாமல் காதில் விழும். இவற்றில் சில, பெரிய அமைப்புகளின் கிளைகள். பல, ஒரு பாஸ்டரின் வீட்டு விறாந்தையில் தொடங்கித் தாமாகவே வளர்ந்தவை.

'ஐக்கியம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பொதுத்தமிழில் அது ஒற்றுமை. நாடுகளின் ஐக்கியம், கட்சிகளின் ஐக்கியம் என்று எழுதுகிறோம். சபைத்தமிழில் அது கூடிவந்து ஒன்றாக இருப்பதையே குறிக்கும். 'செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியம் இருக்கு' என்றால், அன்று யாரோ ஒருவருடைய வீட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள் என்று பொருள். இக்கட்டுரை சொல்ல வருவதில் பாதி இந்தப் பாயில்தான் இருக்கிறது.

எத்தனை பேர், எப்படி வந்தார்கள்

2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 26 ஆயிரம். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் இந்துக்கள், கால்வாசிப் பேர் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கு வராது. ஒரு வித்தியாசமும் உண்டு. இலங்கை முழுவதையும் எடுத்தால் கிறிஸ்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர். மட்டக்களப்பிலோ கத்தோலிக்கர் அல்லாதோரின் பங்கு அந்தச் சராசரியைவிட மிக அதிகம்.

இதற்கு ஒரு காரணம் பழையது. 1814இல் இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமாரில் ஒருவரான வில்லியம் ஓல்ட் நேராக மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். கப்பல் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். இங்கே எட்டு மாதமளவே வாழ்ந்தார். 1815 ஏப்ரலில் நோயால் இறந்துபோனார். அதற்குள் அவர் தொடங்கிய பள்ளிக்கூடங்களின் தொடர்ச்சிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. கத்தோலிக்கம் அதற்கும் முந்தியது, போர்த்துக்கீசர் காலத்தது. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கீச மொழியின் எச்சமே அண்மைக்காலம் வரை பேசப்பட்டது. 1895க்குப் பிறகு, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற அமைப்பின் குருமார் வந்தார்கள், 1940களில் அமெரிக்காவிலிருந்து இன்னொரு அணி வந்தது. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பெயர் அந்த அணியோடு வந்ததுதான்.

பெந்தெகொஸ்தே சபைகளின் வளர்ச்சி பிந்தியது. போரும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதை விளக்க மட்டக்களப்பின் 'குடி' முறையைத் தொட வேண்டும். இங்கே இந்துக் குடும்பங்கள் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்திருக்கும். கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று இருக்கும். நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள் யார் என்பதையும் குடியே சொல்லிவிடும். இடப்பெயர்வும் ஆள் இழப்பும் அந்த ஒழுங்கைக் குலைத்த இடங்களில், கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டம் இன்னொரு குடியாக இருந்தது. செத்தவீட்டுக்கு வந்து நிற்க ஆள் கிடைத்தது. இறையியல் பின்னால் வந்தது.

ஞாயிறுக்கு வெளியே இருக்கும் சபை

வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சபை என்றால் ஒரு கட்டடம், ஒரு ஞாயிறு, மேடையில் ஒருவர். உள்ளே இருப்பவருக்கு அது வாரநாள் விஷயம். மூன்று பிரிவினருமே ஏறத்தாழ ஒரே அமைப்பை வெவ்வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள்.

மெதடிஸ்தரிடம் அது 'வகுப்பு'. இதன் பிறப்புக் கதை சுவையானது. 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் ஜோன் வெஸ்லியின் ஆட்கள் தங்கள் கூடுமிடம் கட்டிய கடனில் இருந்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று முடிவாயிற்று. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பார். காசு கேட்டுப் போனவர்களுக்கு அங்கே வேறு செய்திகள் கிடைத்தன. ஒரு வீட்டில் நோய், இன்னொரு வீட்டில் குடிப்பழக்கம், அடுத்ததில் சண்டை. கடன் வசூலுக்கு ஏற்பட்ட ஒழுங்கு, ஆள் ஆளைக் கவனிக்கும் ஒழுங்காக மாறியது இப்படித்தான்.

கத்தோலிக்கரிடம் அது 'அன்பியம்'. 1960களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த போக்கு. ஒரு பங்கைச் சிறு சிறு அயல்களாகப் பிரித்து, மாதத்தில் ஓரிரு நாள் ஒரு வீட்டில் கூடுவது. நற்செய்திச் சபைகளில் அது 'வீட்டுக் கூட்டம்' அல்லது 'செல் குழு'. பெயர் எதுவானாலும் காட்சி ஒன்றுதான். எட்டுப் பத்து வீடுகள் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு என்று முறை வரும். இரண்டு பாட்டு, ஒரு வாசிப்பு, ஜெப விண்ணப்பங்கள், முடிவில் பிளேன்டீயும் பிஸ்கட்டும். வெளிநாட்டுக்குப் போன மகனின் விசா, அறுவடைக்கு முன் வந்த மழை, ஓ.எல். பரீட்சை, கசிப்புக் குடிக்கும் மருமகன் எல்லாம் விண்ணப்பமாக வந்துவிடும். வெளியே இதை வம்பளப்பு என்றும் சொல்வார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

இக்கட்டு வரும்போது இந்த அமைப்பு என்ன செய்கிறது?

1. *யார் வரவில்லை என்று தெரியும்.* முந்நூறு பேர் கூடும் ஆராதனையில் ஒருவர் வராவிட்டால் கண்ணில் படாது. பத்துப் பேர் இருக்கும் பாயில் உடனே தெரியும். அரசாங்க முகாம் பட்டியல் தயாராவதற்கு முன்பே, யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை என்று இந்த வலையமைப்பு சொல்லிவிடும்.

2. *உதவியைப் பகிரும் பாதை ஏற்கெனவே இருக்கும்.* லொறியில் வரும் அரிசியை வீடு வீடாகக் கொண்டு சேர்க்க ஆள் தேட வேண்டியதில்லை. எந்த வீட்டில் பால்மா வேண்டும், எந்த வீட்டில் சீனி வருத்தக்காரர் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

3. *துக்கத்துக்கு ஒரு நாட்காட்டி கிடைக்கும்.* இது மிக முக்கியம், வெளியார் மிகக் குறைவாகக் கவனிப்பதும் இதுதான். அடக்கம் முடிந்த அன்று வீடு நிறைய ஆள் இருக்கும். ஒரு வாரத்தில் வெறிச்சோடும். கத்தோலிக்கருக்கு 31ஆம் நாள் பூசை, பிறகு ஆண்டுப் பூசை, நவம்பர் 2இல் கல்லறைத் திருநாள். மற்றச் சபைகளில் இவ்வளவு வரையறை இல்லை. ஆனால் வீட்டுக்கூட்டத்தின் முறை சுற்றிவந்து அந்த வீட்டு வாசலில் நிற்கும். கதவைத் திறந்தே ஆக வேண்டும், பாயை விரித்தே ஆக வேண்டும், ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

இந்த மூன்றும் நடக்கக் கட்டடம் தேவையில்லை. பாஸ்டரோ குருவோகூட உடனிருக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் நடத்துபவர்கள் பெண்கள்.

சோதனைகள் வந்த வரிசை

1978 நவம்பர் 23 சூறாவளியை மட்டக்களப்பில் வயதானவர்கள் ஒரு காலக்கணக்காகவே பேசுவார்கள். சூறாவளிக்கு முதல் பிறந்தது, சூறாவளிக்குப் பிறகு கட்டியது என்பார்கள். ஆலயக் கூரைகளும் அன்று பறந்தன. அதற்குப் பின் போர்.

போர்க்காலத்தில் குருமாரும் போதகர்மாரும் வேறொரு வேலையையும் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். இராணுவ முகாம் வாசலிலும் ஆயுத இயக்கத்தின் வாசலிலும் போய் நின்று, பிடித்துப் போனவர் எங்கே என்று கேட்கும் வேலை. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6 அன்று ஆலய வளவிலேயே சுடப்பட்டார். மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கரான அருட்தந்தை யூஜின் ஹேபேர்ட், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனைப் பக்கமிருந்து திரும்பும்போது தம்மோடு வந்த இளைஞருடன் காணாமற்போனார். இருவரும் பிறகு வரவேயில்லை. இன்னோர் இயேசு சபைக் குருவான அருட்தந்தை ஹரி மில்லர் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, காணாமற்போனவர்கள் பற்றிய முறைப்பாடுகளைப் பதிவுசெய்து வைத்தார். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், புனித மரியாள் பேராலயத்துக்குள், நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆலயம் பாதுகாப்பான இடம் என்ற நினைப்பு மட்டக்களப்பில் 2019க்கு வெகுகாலம் முன்பே அடிபட்டுப் போயிருந்தது.

அதே காலத்தில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவையும் சொல்ல வேண்டும். இயேசு சபை வளவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து களிமண் பிசைந்து, கதை கட்டி, நாடகம் ஆடிய இடம். உளவள ஆலோசகரான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் முன்னின்றார்கள். பாவமன்னிப்புத் தொட்டிக்கும் மருத்துவமனைக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது என்பதைக் கிழக்குக்குக் காட்டிய முயற்சி அது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. நத்தாருக்கு மறுநாள், காலை ஆராதனைக்கு ஆயத்தமாகும் நேரம். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒரு மணல்நாக்குப் போல் கிடந்த நாவலடியும், பறங்கியர் பலர் வாழ்ந்த டச்பாரும், கல்லடியின் கரையோரமும் போயின. தெற்கே அம்பாறை மாவட்டத்தில் நிலைமை இன்னும் மோசம், நாட்டிலேயே மிக அதிக உயிரிழப்பு அங்கேதான். பல குடும்பங்களின் வீட்டில் முதல்நாள் கேக் மிச்சம் இருந்தபோது கடல் வந்தது. நத்தார் கிழக்கில் இன்றும் கொஞ்சம் கனத்தோடு வருவதற்கு 2004, 2005 என்ற இந்த இரண்டு டிசம்பர்களே காரணம்.

2019: வாசலில் நின்றவர்

2019 ஏப்ரல் 21 காலை ஒன்பது மணியளவு. சீயோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களின் ஆராதனை தொடங்கவிருந்தது. முதுகுப்பையுடன் வந்த அந்நியர் ஒருவரைச் சபையார் ஒருவர் வாசலில் மறித்துப் பேச்சுக் கொடுத்தார். உள்ளே போக விடவில்லை. குண்டு முற்றத்தில் வெடித்தது. 31 பேர் இறந்தார்கள், அவர்களில் 14 பேர் சிறுவர்கள். மறித்தவரும் இறந்தார். குண்டு மண்டபத்துக்குள் வெடித்திருந்தால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாசலில் நிற்பது நற்செய்திச் சபைகளில் ஒரு பொறுப்பு. புதிதாக வருபவரைச் சிரித்து வரவேற்று, பெயர் கேட்டு, இடம் காட்டி உட்காரவைப்பதற்கென்று ஆள் வைப்பார்கள். காவல் போடும் எண்ணம் அதில் இல்லை, அது உபசரிப்பு. அன்று அந்த உபசரிப்புப் பழக்கந்தான் கேள்வி கேட்டது. பிறகு வந்த மாதங்களில் எல்லா ஆலயங்களிலும் அந்த இடத்துக்குப் பொலிஸார் வந்தார்கள், பைகளைச் சோதித்தார்கள், பிள்ளைகளின் புத்தகப்பை வரை திறந்தார்கள். எல்லாரும் வாருங்கள் என்று மதிலில் எழுதியிருக்கும், அதற்குக் கீழே துப்பாக்கியுடன் ஒருவர் நிற்பார்.

தாக்குதலுக்குப் பின் இரண்டு ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் பொதுப் பூசை நடக்கவில்லை. கர்தினாலின் பூசை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இங்கேதான் அமைப்பின் வேறுபாடு தெரிகிறது. கத்தோலிக்கருக்கு ஒரே குரலில் முடிவு எடுக்கவும் அரசோடு பேசவும் ஒரு தலைமை இருக்கிறது. சுயாதீனச் சபைக்கு அப்படி ஒன்றுமில்லை. நற்செய்திச் சபைகளின் தேசிய கூட்டமைப்பு குரல் கொடுக்கும், ஆனால் கட்டளை இட முடியாது. முடிவு சபையுடையது, சுமையும் சபையுடையது. சீயோன் மக்கள் வேறோர் இடத்தில் ஆராதனைக்குக் கூடினார்கள். அதற்கு இடைப்பட்ட நாள்களில் அவர்களைச் சேர்த்து வைத்தது என்ன? மேலே சொன்ன பாய்தான்.

சட்டப்பக்கமும் ஒன்று உண்டு. மத சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் உறுதிசெய்கின்றன. ஆனாலும் 2008இல் வந்த ஓர் அமைச்சுச் சுற்றறிக்கை, புதிய வழிபாட்டிடம் கட்ட முன் அனுமதி வேண்டும் என்றது. சிறு சபைகள் பல இடங்களில் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டித் தடுக்கப்பட்டன. பங்கு ஆலயத்துக்கு மறைமாவட்டத்தின் உறுதி இருக்கும். வீட்டுச் சபைக்கு வீட்டு உறுதி மட்டும்.

மன்னிப்பும் வழக்கும்

குண்டுவெடித்த சில நாள்களிலேயே கமெராக்கள் வந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மன்னித்துவிட்டீர்களா? சிலர் ஆம் என்றார்கள். உலகம் வியந்தது. எனக்கு அந்தக் கேள்வியே அநியாயமாகப் படுகிறது. ஆம் என்று சொல்லாத தாயை விசுவாசம் குறைந்தவளாக்கும் கேள்வி அது.

மன்னிப்பு, நீதி இரண்டையும் பலர் ஒன்றுக்கொன்று எதிராக வைக்கிறார்கள். கிறிஸ்தவ மரபில் அவை வெவ்வேறு தளங்கள். மன்னிப்பு, இழந்தவர் தன் மனத்துக்குள் எடுக்கும் முடிவு. அதை அவருக்காக வேறொருவர் எடுக்க முடியாது. வழக்கு, அரசு தன் கடமையைச் செய்ததா என்ற கேள்வி. அதை மன்னிப்பைக் காட்டி மூட முடியாது.

அந்தக் கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் கிடைத்தது. தாக்குதல் வரும் என்ற புலனாய்வுத் தகவல் 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே கிடைத்திருந்தும் தடுக்கவில்லை என்று தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை மனுக்களில், ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தர 7.5 கோடி, அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தன 7.5 கோடி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடி என்று சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு கட்ட உத்தரவு. இது குற்றவியல் தண்டனை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கடமை தவறியதால் மக்களின் உரிமை மீறப்பட்டது என்ற தீர்மானம். யார் திட்டமிட்டார்கள், பின்னால் யார் என்ற கேள்விக்கு இந்தத் தீர்ப்பில் பதில் தேட முடியாது.

ஐந்தாறு கிலோமீற்றர் தூரம்

சீயோனில் குண்டை வெடிக்கவைத்தவர் முஸ்லிம் ஊரான காத்தான்குடியைச் சேர்ந்தவர். சீயோனிலிருந்து காத்தான்குடி அதிக தூரமில்லை. பெருநாளோ நத்தாரோ, மட்டக்களப்புத் தமிழர் துணி எடுக்கப் போகும் கடைத்தெரு அது. 1990 ஆகஸ்ட் 3 அன்று அங்கே பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். தொழுகையிடத்தில் கொல்லப்படுவது என்றால் என்ன என்று இரண்டு ஊருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒத்த அனுபவம் 2019இல் நினைவுக்கு வரவில்லை. கடைகளுக்குப் போகாதே என்ற பேச்சு கிளம்பியது, ஆட்டோக்காரர் முதல் மரக்கறி வியாபாரி வரை தொழிலில் அடிவாங்கினார்கள்.

தாக்குதல்காரர்களின் உடல்களைப் பள்ளிவாசல் மையவாடிகளில் ஏற்பதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அப்போதே அறிவித்திருந்தது. அதனால் ஒரு விசித்திரச் சிக்கல் வந்தது. 2019 ஆகஸ்டில் சீயோன் தாக்குதல்காரரின் உடற்பாகங்களை அதிகாரிகள் கள்ளியங்காட்டு மயானத்தில் புதைத்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், ஆர்ப்பாட்டம் கலவரமாகப் பார்த்தது. அந்தக் கோபத்தில் துக்கமும் இருந்தது, அரசியலும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பணமும் பெற்றோலும்

2020 உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12. முதலாண்டு நினைவுக்குக்கூட ஆலயம் திறக்க முடியவில்லை, கொரோனா ஊரடங்கு. பாயும் விரிக்க முடியாமற்போனது இந்த ஒரு தடவைதான். வட்சப் குழுக்களில் ஜெபம் நடந்தது, டேட்டா போட வசதியில்லாதவர்கள் வெளியே நின்றார்கள்.

2022 வேறு மாதிரி. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. தூரத்து ஆலயத்துக்கு மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் அயலிலேயே கூடினார்கள். வீட்டுக்கூட்டம் மறுபடி உயிர்பெற்றது. ஆனால் காணிக்கை வற்றியது. இங்கேயும் அமைப்பு வேறுபாடு தலைகாட்டும். கத்தோலிக்கக் குருவை மறைமாவட்டம் பார்த்துக்கொள்ளும். மெதடிஸ்த போதகருக்குத் திருச்சபை ஊதியம் வரும். சுயாதீனப் பாஸ்டரின் வீட்டு அடுப்பு, ஞாயிறு காணிக்கைத் தட்டை நம்பியிருக்கிறது. தட்டில் விழுவது குறைந்தால், பசித்த வீட்டுக்குப் பொதி கொண்டுபோகிறவரின் வீட்டிலும் அரிசி குறையும்.

எதைச் சொல்லாமல் விடக்கூடாது

இந்த ஒழுங்கைப் புகழ்ந்துகொண்டே போனால் பொய்யாகிவிடும். பட்டியல் வைத்திருப்பவர்களிடம் பட்டியலில் இல்லாதவர்களும் உண்டு. சுனாமிக்குப் பிறகு உதவியோடு சேர்த்து மதமும் கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு கிழக்கில் பலமாக எழுந்தது. எல்லாச் சபையும் அப்படிச் செய்யவில்லை. சில செய்தன. பட்டினியில் இருப்பவரிடம் ஒரு கையில் அரிசியும் மறுகையில் துண்டுப்பிரசுரமும் நீட்டினால் அவர் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான முடிவு என்று சொல்ல முடியாது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று அதே 2004இல், சுனாமிக்கும் முன்னரே வந்து, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சர்ச்சையின் சூடு விளங்கும்.

அடுத்தது, 'தேவ சித்தம்' என்ற சொல். அதைத் தன் வாயால் சொல்லிக்கொள்ளும் ஒருவருக்கு அது ஊன்றுகோல். அடுத்தவர் வந்து சொன்னால் அதே சொல் வாயை அடைக்கும் துணி. பிள்ளையை இழந்த வீட்டில் முதல் வாரமே அதைச் சொல்கிறவர்கள் உண்டு. அழுது முடிக்காதவருக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. மனநல உதவியை நாடுவது அவிசுவாசம் என்ற எண்ணம் சில சபைகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அதற்கென்று பிரிவு இருந்தும்கூட.

பாயைப் பற்றியும் ஒன்று. வாரம் முழுவதும் வீடு வீடாகப் போய், நோயாளியைப் பார்த்து, செத்தவீட்டில் சமைத்துக் கொடுப்பவர்கள் பெண்கள். கத்தோலிக்கத்தில் அவர்கள் குருவாகப் பீடம் ஏற முடியாது. பல நற்செய்திச் சபைகளில் 'பாஸ்டரம்மா' என்ற பெயரோடு நின்றுவிடும். நினைவு ஆராதனைகளின் படங்களில் முன்வரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை யார் வீட்டு முறை என்று அவர்களிடம் கேட்டால், பெரும்பாலானோருக்குத் தெரிந்திருக்காது.